'ஓகே' அழுத்திப் பழகிய விரல்

காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் ஐ.பி. பார்மசியில், அதாவது உள்நோயாளிகளுக்கான மருந்தகத்தில், யாரும் யாரோடும் பேச மாட்டோம். ரவுண்ட்ஸ் முடிந்து எல்லா வார்டிலிருந்தும் இண்டென்ட் (மருந்து கேட்டு வரும் சீட்டு) ஒரே நேரத்தில் வந்து குவியும் நேரம் அது. திரையில் ஒரு மருந்தை ஏற்கப் போனால் மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று குதித்து வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒவ்வொன்றையும் முழுசாக வாசித்தேன். அப்புறம் முதல் வரி மட்டும். அதற்கப்புறம் பெட்டி வரப்போவது தெரிந்து, அது வருவதற்கு முன்பே விரல் என்டர் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி ஒரு பதினொன்றரை மணியில்தான் அந்த அம்மாவின் பெட்டியையும் மூடினேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போய், செயற்கை வால்வு வைத்தவர். ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். அவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்று வந்து சேர்ந்தவருக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினார்கள். அசிட்ரோம் உடலை விட்டுக் கழிவதை மெட்ரோனிடசோல் தாமதமாக்கும். சாப்பிடும் மாத்திரையின் அளவு மாறாது, ஆனால் அதன் வீரியம் கூடிக்கொண்டே போகும். படித்த பாடம்தான், பரீட்சையில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். வீட்டுக்குப் போனவர் ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று திரும்பி வந்தார். ஐ.என்.ஆர். 7.8. அசிட்ரோமை நிறுத்தி, வைட்டமின் கே-யை அளந்து கொடுத்து (அதிகம் கொடுத்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும் என்ற பயம் வேறு) மூன்று நாளில் தேற்றினார்கள்.

ஐ.டி. பையன் கணினிப் பதிவை (லாக்) எடுத்துக் கொடுத்தான். டியூட்டி டாக்டர் எழுதும்போது எச்சரிக்கை வந்திருக்கிறது, மூடியிருக்கிறார். எனக்கும் வந்திருக்கிறது. என் லாகின் பெயர், நேரம், மூடுவதற்கு ஆன நேரம் எல்லாம் இருந்தன. 2 விநாடி. விசாரணை அறிக்கையில் 'மென்பொருள் உரிய எச்சரிக்கையை அளித்தது' என்று ஒரு வரி எழுதி, சிஸ்டத்தை நிரபராதி ஆக்கிவிட்டார்கள். என் மேலும் நடவடிக்கை இல்லை. இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி ஒரு சர்க்குலர் வந்தது, அவ்வளவுதான். கவனம் என்பது சர்க்குலர் போட்டால் வந்துவிடும் பொருளா என்று அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல்தான் இதில் நான் இறங்கியதற்கு முழுக் காரணம்.

ஒரு பழைய டைரியை எடுத்து, வரும் பெட்டிகளைக் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டு வகை பிரித்தேன், ஏனென்றால் எண்ணிக்கையை விட வகைதான் என்னைத் திகைக்க வைத்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துத் தருவார்கள். அதுதான் சிகிச்சையே. அதற்கு 'ரத்தக்கசிவு அபாயம்' என்று ஒரு பெட்டி. மறுநாள் அதே இண்டென்ட், அதே பெட்டி. அவர் ஐந்து நாள் படுத்திருந்தால் ஐந்து நாளும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்க ஊசியாகப் போய்க்கொண்டிருந்த பேன்டோப்ரசோலை நிறுத்தி மாத்திரையாக மாற்றினால் 'ஒரே மருந்து இருமுறை'. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினும் ராத்திரி இன்சுலினும் இருந்தால் மறுபடி 'இருமுறை'. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒரே நாளில் இருந்தால் ஒன்று. இத்தனைக்கும் நடுவில்தான், அதே மஞ்சளில், அதே எழுத்தளவில், அதே இரண்டு வரி ஆங்கிலத்தில், அசிட்ரோமும் மெட்ரோனிடசோலும் வந்து போயிருக்கிறது. தெருவில் எல்லா நாயும் விடிய விடியக் குரைத்தால், எது திருடனைப் பார்த்துக் குரைக்கிறது என்று யார் எழுந்து போய்ப் பார்ப்பார்கள்?

எங்கள் ஊர் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிநாட்டு ஆய்வுகளைப் புரட்டினேன். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில், மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மூடித் தள்ளப்படுவதாகத் தெரிந்தது. உலகம் முழுக்க இதே விரல்தான். 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. 16 வயதுப் பையன். அவனுக்கு ஒரு வேளைக்குக் கோ-டிரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஒன்று, அதாவது 160 மில்லிகிராம் போக வேண்டும். டாக்டர் திரும்பப் பதிவு செய்தபோது அளவுப் பெட்டியில் மில்லிகிராம் என்பதற்குப் பதில் 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. பையனின் எடையால் பெருக்கி, ஒரே வேளைக்கு முப்பத்தெட்டரை மாத்திரை. டாக்டருக்கும் எச்சரிக்கை வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் மூடினார்கள். பொட்டலம் கட்டும் இயந்திரம் மறுபேச்சில்லாமல் கட்டிக் கொடுத்தது. பையன் அத்தனையையும் விழுங்கி, வலிப்பு வந்து, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். அந்த டாக்டர் திரும்பப் பதிவு செய்ய நேர்ந்ததற்குக் காரணம், முதலில் எழுதிய அளவு சரியாகப் பொருந்தவில்லை என்று மருந்தாளுநர் கவனமாகக் கேள்வி கேட்டதுதான். கவனமான ஆள்தான் அவரும்.

அடுத்த மருந்துக் குழுக் கூட்டத்துக்கு டைரியோடு போனேன். இதய டாக்டருக்குத்தான் முதலில் கோபம் வந்தது, ஆனால் என் பக்கமாக. "ஏம்மா, ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு ஆஸ்பிரின் குடுத்தா ரத்தம் வரும்னு எனக்கே சொல்லித் தருதே உங்க கம்ப்யூட்டர், அது எங்க படிச்சுது?" என்றார். நிர்வாகத் தரப்புக்கு வேறு பயம். ஒரு எச்சரிக்கையை அணைத்து, அதனால் நாளைக்கு ஏதாவது ஆகி, கேஸ் என்று வந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான பயம்தான். நான் அந்த 2 விநாடி லாக்கை மேஜையில் வைத்தேன். இந்த எச்சரிக்கை அணைந்திருக்கவில்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது, இதற்கு யார் பதில் சொன்னோம் என்று கேட்டேன். அன்றைக்கு முடிவு ஒன்றும் ஆகவில்லை. நாலாவது கூட்டத்தில்தான் சரி என்றார்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மென்பொருள் மாற்றத்துக்கு ஒரு மாதம் ஆகும் என்றால், அணைக்கலாம் என்று ஒரு கையெழுத்து வாங்க ஆறு மாதம் ஆகும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒன்றையும் அணைக்காதீர்கள். எதை, ஏன், யார் சொல்லி அணைத்தோம் என்று தேதியோடு ஒரு பதிவேடு போட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது ஒரு நீலநிற நோட்டு, இன்றைக்கும் என் டிராயரில்தான் இருக்கிறது.

எதை அணைப்பது என்று முடிவு செய்ய நாங்கள் பெரிய சூத்திரம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எச்சரிக்கையையும் எடுத்து, 'இது வந்தால் நான் எழுந்து என்ன செய்வேன்?' என்று கேட்டோம். டாக்டருக்குப் போன் செய்வேன், அளவை மாற்றச் சொல்வேன், ரத்தப் பரிசோதனை கேட்பேன் என்று ஏதாவது ஒரு வேலை பதிலாக வந்தால் அது இருக்கலாம். 'தெரிந்துகொள்வேன்' என்பது பதில் என்றால் வேண்டாம். தெரிந்துகொள்வதற்குப் புத்தகம் இருக்கிறது.

இப்படிக் கழித்ததில் ஒரு வகை மட்டும் தொந்தரவு செய்தது. தைராய்டு மாத்திரையும் கால்சியமும் மாதிரி, ஒன்றை விட்டு ஒன்று நாலு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டியவை. செய்ய வேண்டியது உண்டு, ஆனால் செய்ய வேண்டியவர் நானும் இல்லை, டாக்டரும் இல்லை, கையில் மாத்திரையோடு நிற்கிற சிஸ்டர். அதனால் பெட்டியை எடுத்துவிட்டு, டிரக் சார்ட்டில் மருந்து போகும் நேரத்தையே சிஸ்டமே தள்ளி அச்சடிக்கும்படி மாற்றினோம். எச்சரிக்கை என்று ஒன்று இல்லாமலே வேலை நடந்துவிட்டது. எனக்குத் தெரிந்து எங்களுடைய ஆகச் சிறந்த எச்சரிக்கை அதுதான், யார் கண்ணிலும் படாது.

மிஞ்சியவற்றின் வாசகத்தை மாற்றியதுதான் அடுத்த வேலை. பழைய பெட்டி நொதியின் பெயரைச் சொல்லி, 'விளைவு அதிகரிக்கக்கூடும், கண்காணிக்கவும்' என்று முடியும். யார், எதை, எப்போது கண்காணிப்பது? இப்போது அசிட்ரோம் பெட்டி சிவப்பு. முதல் வரியில் அந்த நோயாளியின் கடைசி ஐ.என்.ஆர்., எடுத்த தேதியோடு. இரண்டாவது வரியில் 'மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். பார்க்கவும், வீட்டுக்குப் போவதாக இருந்தால் பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதவும்'. கீழேயே அந்தப் பரிசோதனையைப் பதிவு செய்ய ஒரு பட்டன். லேபின் கணினியும் பார்மசியின் கணினியும் அதுவரை ஒன்றோடொன்று பேசியதே இல்லை. அந்த ஒரு வரிக்காக இரண்டையும் பேச வைத்ததுதான் இதில் செலவான பணம்.

சிவப்புப் பெட்டியை மூட வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தோம். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரு புள்ளி. வெறும் புள்ளி. ஒருவர் மட்டும் தினமும் விதவிதமாக எழுத்துகளைத் தட்டியிருந்தார், அவருடைய கற்பனை வளம் தனி. டைப் அடிக்கச் சொன்னது எங்கள் முட்டாள்தனம் என்று புரிந்து, நான்கு பட்டன்களாக மாற்றினோம்: 'டாக்டரிடம் பேசியாயிற்று', 'பரிசோதனைக்குச் சொல்லியாயிற்று', 'ஏற்கெனவே இப்படியே சாப்பிட்டு வருகிறார்', 'இந்த எச்சரிக்கை தேவையில்லை'. கடைசிப் பட்டன்தான் எனக்கு மாதா மாதம் சம்பளம் மாதிரி. அதில் அதிகம் விழுகிற எச்சரிக்கை அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

டாக்டர் மாற்றும் வரை மேலே போகவே விடக்கூடாது என்று பூட்டிவிட்டால் என்ன என்று ஒரு சமயம் எனக்கும் தோன்றியது. நல்லவேளையாக, அதற்குள் 2010-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அசிட்ரோம் மாதிரியான வார்ஃபரினும் கோ-டிரைமாக்சசோலும் சேர்த்து எழுத முடியாதபடி கிட்டத்தட்டப் பூட்டியே விட்டார்கள். அந்த ஜோடி குறைந்தது உண்மை. ஆனால் நான்கு நோயாளிகளுக்குத் தேவையான மருந்தே தாமதமாகிப்போனதால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. முழுப் பூட்டை நாங்கள் ஒன்றிரண்டுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை யாராவது தினமும் என்று எழுதினால் சிஸ்டம் நகராது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

இவ்வளவும் தேவையில்லாமல் வந்த எச்சரிக்கைகளின் கதை. வர வேண்டியது வராமல் போனதை நான் கண்டுபிடித்தது மருத்துவமனையில் இல்லை, வடவள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில்.

கோவையில் இப்படி இல்லங்கள் நிறைய. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பார்கள். அப்பா அம்மா இங்கே. எங்கள் மருத்துவமனைக்கும் அந்த இல்லத்துக்கும் ஓர் ஏற்பாடு; செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் மருந்துகளைச் சரிபார்ப்பேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அங்கே இருந்தார். மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்து, மூடியின் உள்பக்கம் தன் கையெழுத்தில் அட்டவணை எழுதி ஒட்டியிருப்பார். இரண்டு வாரமாகக் கால் வீக்கம், சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். டப்பாவைத் திறந்தேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மா-எச் ஒரு அட்டை. செரோடால்-பி ஒரு அட்டை, பாதி காலி. முட்டிவலிக்கு வேறு ஒரு டாக்டர் எழுதியது. தினமும் இரண்டு என்று மூடியில் புதிய மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது.

இரண்டே மாத்திரை மாதிரி தெரியும். பிரித்துப் பார்த்தால் டெல்மிசார்டன், அதோடு நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், அப்புறம் வலி மருந்தான அசிக்ளோஃபெனாக். வயதானவர்களின் சிறுநீரகத்துக்கு இந்த மூன்றும் ஒன்றுசேர்வது மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழுவது மாதிரி. ரத்தம் எடுத்து அனுப்பினேன். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 2.6. நாலு மாதத்துக்கு முன் 1.1 இருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, மற்றதையும் டாக்டர் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து, மெல்ல இறங்கி 1.3-க்கு வந்தது.

திரும்பி வந்து இந்த இரண்டு பெயரையும் எங்கள் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பேன்டோப்ரசோலுக்குத் தினமும் குரைத்த அதே சிஸ்டம், இதற்கு வாயே திறக்கவில்லை. காரணம் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. எச்சரிக்கைகளின் தரவுத்தளம் அமெரிக்க மருந்துப் பட்டியலை வைத்துக் கட்டியது. அசிக்ளோஃபெனாக் அங்கே விற்பனைக்கே வந்ததில்லை. நம் ஊரிலோ முட்டிவலி, முதுகுவலி, பல்வலி எல்லாவற்றுக்கும் அதுதான். யாரோ அந்தப் பிராண்டைச் சேர்க்கும்போது உள்ளே இருக்கும் மருந்துக்கு இணைப்புக் கொடுக்காமல், 'இதர' என்று ஒரு குடுவையில் போட்டுவிட்டிருக்கிறார்கள். அசிட்ரோமும் அங்கே கிடையாது. அதை மட்டும் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே கையால் இணைத்து வைத்திருந்தார்.

அடுத்த மூன்று மாதம், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், நானும் பார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பு படிக்கும் ஒரு மாணவியும் உட்கார்ந்து எங்கள் ஸ்டாக்கில் இருந்த ஒவ்வொரு பிராண்டையும் அதன் மூலக்கூறுகளோடு இணைத்தோம். அலுப்பான வேலை. கூட்டு மாத்திரைகள்தான் உயிரை எடுக்கும். ஒரே பெயர், பின்னால் ஓர் எழுத்து மாறினால் உள்ளே வேறு மருந்து. வேறு மருத்துவமனை நண்பர்கள் 'எங்கள் சிஸ்டத்தில் பாப்-அப் அவ்வளவாக வராது, நன்றாக இருக்கிறது' என்று சொல்லும்போதெல்லாம் நான் கேட்பது இதுதான்: உங்கள் ஊரில் அதிகம் விற்கும் இருபது கூட்டு மாத்திரைகளைப் போட்டுப் பாருங்கள், வாயைத் திறக்கிறதா என்று.

அதே கட்டத்தில் இன்னொன்றும் கிளம்பியது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்த 82 வயதுப் பாட்டி. ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் 40 மில்லிகிராம் எனாக்சபரின் ஊசி. சிறுநீரகம் மருந்தைக் கழிக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும், எச்சரிக்கையும் வர வேண்டும். கிரியாட்டினின் 1.0. சிஸ்டம் கணக்குப் போட்டு 41 என்று காட்டியது, அதனால் பெட்டி வரவில்லை. நான் அந்தப் பாட்டியைப் பார்த்திருக்கிறேன், கட்டிலில் போர்வைதான் தெரியும், ஆள் தெரியாது. எடை எவ்வளவு என்று பார்த்தால் 60 கிலோ. அந்த வார்டில் எல்லாருக்கும் 60 கிலோ. சேர்க்கும்போது எடைக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே போக முடியாது என்பதால், யாரோ 60 என்று தானாக விழும்படி வைத்துவிட்டார்கள். சிஸ்டர்களைக் கூட்டிப்போய்ப் பாட்டியை நாற்காலித் தராசில் உட்கார வைத்தோம். 38. திரும்பக் கணக்குப் போட்டால் 26. அந்தக் கணமே பெட்டி வந்தது. இப்போது எடை தெரியாவிட்டால் காலியாகவே விடலாம். ஆனால் பார்மசிப் பட்டியலில் அந்தப் பெயர் 'எடை இல்லை' என்று மேலே வந்து நிற்கும், நான் வார்டுக்குப் போன் செய்து நச்சரிப்பேன்.

முதியோர் இல்லத்துக்கு இந்தப் பாப்-அப் சமாச்சாரமே ஒத்துவராது என்று எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது. மருத்துவமனையில் பெட்டி வந்தால் பார்க்க ஒரு மருந்தாளுநர் இருபத்து நாலு மணி நேரமும் இருப்பார். அங்கே ராத்திரி ஒரு சிஸ்டரும் இரண்டு ஆயாக்களும்தான். டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும், அதுவும் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் போய் அவர் அனுப்பி. தவறும் அங்கே வேறு மாதிரி. மருத்துவமனையில் புதிதாக எழுதும் மருந்தில் பிழை வரும். அங்கே நாலு வருடமாக யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் மருந்தில் வரும். மருந்து மாறியிருக்காது, சாப்பிடுகிறவரின் சிறுநீரகம் மாறியிருக்கும். புதிதாக எழுதும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் எச்சரிக்கை அங்கே நாலு வருடமும் தூங்கும்.

வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991-ல் ஒரு பட்டியல் போட்டார். அது முதலில் முதியோர் இல்லங்களுக்காகவே போட்டது. பிறகு எல்லா முதியவர்களுக்கும் விரிந்து, 2023 வரை பல முறை திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். அந்த நாட்டு நர்சிங் ஹோம்களில் மாதம் ஒரு முறையாவது மருந்தாளுநர் ஒவ்வொருவரின் மருந்துகளையும் பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த வழக்கத்தைத்தான் நான் செவ்வாய்க்கிழமைக்குக் கடன் வாங்கினேன். பாப்-அப் எதுவும் கிடையாது. திங்கட்கிழமை ராத்திரி சிஸ்டம் ஒரு பட்டியல் தயார் செய்து வைக்கும்: புதிய ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினோ பொட்டாசியமோ ஏறியவர்கள், எடை இறங்கியவர்கள், கீழே விழுந்தவர்கள், பியர்ஸ் பட்டியல் மருந்தில் இருப்பவர்கள். பத்துப் பெயருக்கு மேல் வராதபடி பார்த்துக்கொள்வேன். பதினைந்து வந்தால் கடைசி ஐந்தை நான் ஒழுங்காகப் பார்க்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

பியர்ஸ் பட்டியலில் இருக்கும் கிளிபென்கிளமைடை, நம் ஊரில் டயோனில் என்றால் எல்லாருக்கும் தெரியும், இந்தப் பட்டியல் வைத்து ஒவ்வொருவராக மாற்ற வைத்தேன். பழைய சர்க்கரை மாத்திரை, விலை குறைவு, டாக்டர்களுக்குப் பழக்கம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் அது நின்று வேலை செய்து, விடியற்காலையில் சர்க்கரையை இறக்கிவிடும். அங்கே ஒரு பாட்டி காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். "வயசாயிருச்சுங் மேடம், தூக்கம் ஜாஸ்தி" என்பார்கள் ஆயாக்கள். ஒரு நாள் விரலில் குத்திப் பார்த்தால் 48.

இந்த அனுபவத்திலிருந்து மருத்துவமனைக்கும் ஒன்றைக் கொண்டுவந்தோம். வார்டிலிருந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் இண்டென்ட் வந்தால் யாருக்கோ சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வைட்டமின் கே என்றால் யாருக்கோ ரத்தம் நிற்கவில்லை. கே-பைண்ட் பொடி என்றால் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. நாலோக்சோன் என்றால் கேட்கவே வேண்டாம், மார்ஃபின் வகை மருந்து அளவு மீறியிருக்கிறது. இவற்றில் எது வந்தாலும் யாருக்கும் பெட்டி வராது. மருந்தை உடனே கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் முதல் வேலை. ஆனால் அந்த நோயாளியின் பெயர் என் பட்டியலில் ஏறும். வேலை ஓய்ந்ததும் கேஸ் ஷீட்டை எடுத்து எந்த மருந்தால் ஆனது என்று பார்ப்பேன். நடந்து முடிந்ததைப் பார்த்து என்ன பயன் என்று ஐ.டி. பையன் கேட்டான். அதே வார்டில் அதே மருந்து அதே அளவில் இன்னும் நாலு பேருக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று சொன்னேன். பெரும்பாலும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நாங்களும் சறுக்கினோம், அதையும் சொல்லிவிட வேண்டும். 'ஒரே மருந்து இருமுறை' என்ற எச்சரிக்கையை, பேன்டோப்ரசோல் கடுப்பில், மொத்தமாக அணைத்துவிட்டோம். ஒன்றரை மாதம் கழித்து அறுவை சிகிச்சை வார்டிலிருந்து ஒரு சீனியர் சிஸ்டர் போன் செய்தார். "மேடம், இந்தம்மாவுக்கு பாராசிட்டமால் ஊசி மூணு வேளை போகுது, அல்ட்ராசெட் மூணு வேளை, இப்ப காய்ச்சல்னு டோலோ 650 வேற எழுதியிருக்காங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களே?" ஊசி மூன்று கிராம். அல்ட்ராசெட் ஒன்றில் பாராசிட்டமால் 325 மில்லிகிராம், மூன்று வேளைக்கு 975. ஒரு டோலோ போட்டால் ஒரு நாள் எல்லையான நாலு கிராமைத் தாண்டிவிடும். ஒல்லியான பெண்மணி அவர். ஈரல் என்ன பாடுபட்டிருக்கும்! நீல நோட்டில் அந்த எச்சரிக்கையை அணைத்த பக்கத்தில் என் கையெழுத்துதான் இருந்தது. திரும்பப் பழையபடி எரிய விட்டால் பேன்டோப்ரசோல் பெட்டியும் கூடவே வரும். அதனால் கேள்வியையே மாற்றினோம். இரண்டு முறை வருகிறதா என்று பார்க்காமல், ஊசி, மாத்திரை, கூட்டு மாத்திரை எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்று கூட்டச் சொன்னோம். பிராண்டுகளை மூலக்கூறோடு இணைத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த சிஸ்டரை அடுத்த மருந்துக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தோம், இன்றைக்கும் இருக்கிறார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை இண்டென்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பெட்டி வந்தது, மூடினேன். இன்னொன்று, மூடினேன். மூன்றாவதையும் மூடிய பிறகுதான், மஞ்சள் பெட்டியை நாங்கள் ஒழித்து வருடக்கணக்காகிறதே என்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மென்பொருள் கம்பெனி புது வெர்ஷன் ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் அணைத்தது, மாற்றியது, எழுதியது எல்லாம் அழிந்து, பெட்டியிலிருந்து பிரித்த புதுச் சாமான் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நீல நோட்டு இருந்ததால் ஐந்து நாளில் திரும்பக் கட்டினோம். இல்லாவிட்டால் எதை ஏன் மாற்றினோம் என்று யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

அதிலிருந்து ஒவ்வொரு அப்டேட்டுக்கு மறுநாளும் ஒரு பொய் நோயாளியைச் சேர்க்கிறோம். பெயர் டெஸ்ட் ராமாயி. வயது 82, எடை 38, செயற்கை வால்வு, முட்டிவலி, சர்க்கரை. அசிட்ரோமோடு மெட்ரோனிடசோல், டெல்மா-எச்சோடு செரோடால்-பி, தினமும் மெத்தோட்ரெக்சேட் என்று எங்களுக்கு அடிபட்ட அத்தனையையும் அவர் தலையில் எழுதி, எது வருகிறது எது வரவில்லை என்று டிக் அடிப்போம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும்கூட உண்டு, அதற்கு எதுவும் வரக்கூடாது. முதல் தடவை செய்தபோது உணவுப் பிரிவுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். மத்தியானம் ஒரு ஆள் சர்க்கரை இல்லாத ராகிக் கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ராமாயி பாட்டியைத் தேடி அலைந்து, கடைசியில் பார்மசி ஜன்னலில் வந்து நின்றார். ஆறிப்போயிருந்தது. மாணவியும் நானும் பங்கு போட்டுக் குடித்தோம்.